புரட்டாசியில் தெளிந்த ஒயின்

ஒயின் கலங்கலாக இருந்தால் தலையா போய்விடும்? போகாதுதான். ஆனால் அதை ரங்கநாயகியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சங்கதி. பீளமேட்டில் அவள் வீட்டு ஸ்டோர் ரூமில் ஆறு லிட்டர் பிடிக்கிற கண்ணாடி ஜாடிகள் இரண்டு இருந்தன. தினமும் காலையில் காபிகூடக் குடிக்காமல் போய், செல்போன் டார்ச்சை ஜாடிக்குப் பின்னால் பிடித்துப் பார்ப்பாள். வெளிச்சம் இந்தப் பக்கம் வராது. தூர் வாரின கிணற்றில் முதல் நாள் ஊறுகிற தண்ணீர் மாதிரி ஒரே கலங்கல். அவள் முகம் தொங்கிப்போகும். அன்றைக்கு இட்லியும் கல்லாகத்தான் வரும்.

ரங்கநாயகிக்கு ஐம்பத்தெட்டு வயது. டெலிபோன் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். அதில் பாதிக்குமேல், யார் எந்த நம்பர் கேட்டாலும் தேடிச் சொல்கிற விசாரணை சீட்டு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. யூடியூப் பார்த்து சோப்பு செய்தாள், சீஸ் செய்தாள், மூன்று வருஷமாக ஒயின். தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து பன்னீர் திராட்சை பத்துக் கிலோ வாங்கி, நசுக்கி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு ஊற வைத்து, வடிகட்டி ஜாடியில் ஊற்றி வைப்பாள். நுரைத்து அடங்கிய பிறகு வண்டல் அடியில் போய் உட்கார வேண்டும். போன இரண்டு வருஷமும் சமர்த்தாக உட்கார்ந்தது. இந்த வருஷம் மாட்டேன் என்று அடம்.

சும்மா குடிக்கிற ஒயினாக இருந்திருந்தால் அவளும் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். விஷயம் மருமகள் லாஸ்யா.

லாஸ்யாவுக்கு முட்டை ஆகாது. கல்யாணம் பேசும்போதே அவள் வீட்டில் சொன்னார்கள். ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தம் என்பதாக ரங்கநாயகி எடுத்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளிக்கு மகன் வம்சியும் லாஸ்யாவும் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, வீட்டிலேயே வெஜிடபிள் பப்ஸ் போட்டாள். மேலே பளபளவென்று வருவதற்காக முட்டையை அடித்துப் பூசினாள். மேலேதானே பூசுகிறோம், உள்ளேயா போடுகிறோம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. ஒரு பப்ஸ் தின்று முடிப்பதற்குள் லாஸ்யாவின் உதடு தடித்தது, கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்தது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"முட்டை ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க" என்றாள் ரங்கநாயகி. இரண்டாம் தடவையும் கேட்டார். அப்போதும் "இல்லீங்க." மூன்றாம் தடவை கேட்டபோதுதான், "மேல மட்டும் கொஞ்சூண்டு பூசினேனுங்க" என்று வாய் திறந்தாள். ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.

லாஸ்யா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் பெரிய தண்டனையாகப் போயிற்று. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு இரண்டடுக்கு எவர்சில்வர் டப்பா. "தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை, டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, எல்லோரும் சாப்பிடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து தன் தயிர்சாதத்தைத் தின்பாள். ஊர்க்கதை பேசுவாள், மாமனாரைக் கேலி பண்ணுவாள். எல்லாம் சரி. அந்த டப்பாவைப் பார்க்கும்போது மட்டும் ரங்கநாயகிக்குத் தொண்டையில் சோறு இறங்காது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும்.

இப்படி இருக்க, ஆவணி மாதம் ஒருநாள் வீடியோ காலில் பேசும்போது பின்னால் இருந்த ஜாடிகள் லாஸ்யாவின் கண்ணில் பட்டன.

"அதென்னங்க அத்தை?"

"ஒயினு கண்ணு. திராச்சை, சக்கரை, ஈஸ்ட்டு, தண்ணி. வேற ஒண்ணுமில்ல."

"அப்படீன்னா தீபாவளிக்கு எனக்கொரு டம்ளர் எடுத்து வைங்க."

அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்த ரங்கநாயகிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷத்தில் இந்த வீட்டிலிருந்து லாஸ்யா வாயில் படப்போகிற முதல் பண்டம்! பூஜை அறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உடனே அடுத்த கவலை பிடித்தது. சேற்றுத் தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றிக் கொடுத்தால், உள்ளே என்ன கிடக்கிறதோ என்று அந்தப் பெண் யோசிக்காதா? ஒயின் தெளிந்தே ஆகவேண்டும்.

யூடியூபில் தேடினால் ஒயினைத் தெளிய வைக்க ஆளுக்கொரு வழி சொன்னார்கள். முதலில் வந்ததே முட்டை வெள்ளைக்கரு. அதை அடித்து ஊற்றினால் கலங்கலையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடுமாம். ரங்கநாயகி போனைத் தூக்கி எறியாத குறை. அடுத்து மீனின் வயிற்றுப் பையிலிருந்து எடுக்கிற ஏதோ ஒன்று, எலும்பைக் காய்ச்சி எடுக்கிற ஜெலட்டின். கடைசியில் பென்டோனைட் என்று ஒரு களிமண் வந்தது. தண்ணீரில் ஊற வைத்து ஊற்றினால் போதும்.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் லட்சுமிநாராயணன் அந்தப் பேரைக் கேட்டதும் துள்ளி எழுந்தார். கணபதியில் பம்புப் பட்டறை வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம்தான் என்றாலும், புருஷன் பெண்சாதி சண்டை மட்டும் எப்போதும் கோயமுத்தூர்த் தமிழில்தான் நடக்கும்.

"பென்டோனைட்டா? அட, அது நம்ம பவுண்டரிக்காரங்க மோல்டிங் மண்ணுல கலக்கறதாச்சே! மூட்டை மூட்டையாக் கெடக்குது. ஒரு கிலோ வாங்கியாறட்டுமா?"

"ஏனுங்க, இரும்பு ஊத்தற மண்ணைக் கொண்டாந்து எம்மருமக வாயில ஊத்தச் சொல்றீங்களா?"

"மண்ணுல என்ன நல்ல மண்ணு கெட்ட மண்ணு?"

"நீங்க உங்க பம்பைப் போய்ப் பாருங்க, போங்க."

மனுஷனுக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷம் இரும்போடும் மண்ணோடும் புழங்கியவனுக்கு இவள் பாடம் எடுக்கிறாள் என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் சாப்பாட்டுக்கு ஆகிற தரம் என்று போட்டிருந்த பாக்கெட்டை ஆன்லைனில் வரவழைத்தாள். வெந்நீரில் கரைத்து ஒரு நாள் ஊற வைத்தால் கஞ்சி மாதிரி கெட்டியாக வந்தது. இரண்டு ஜாடியும் ஒரேயடியாகக் கெட்டுப்போகக் கூடாதென்று ஒரு ஜாடியில் மட்டும் ஊற்றிக் கலக்கினாள். மற்றதை அப்படியே விட்டாள். பத்து நாள் ஆயிற்று. மண் போட்ட ஜாடி கொஞ்சம் தேவலை, மூக்குத்திக் கல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. போடாத ஜாடி போட்டபடி இருந்தது.

இதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. பெருமாள் மாதம். அந்த வீட்டில் புரட்டாசி முழுக்கக் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை ஓடுகூட வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வராது. அப்படியானால் ஒயின் மட்டும் இருக்கலாமா என்று கேட்பீர்கள். வம்சியும் போனில் கேட்டான். "அது இன்னும் ஒயின் ஆகலடா, ஆயிட்டிருக்குது" என்றாள் அம்மா. பெருமாளும் அதற்கு ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை கழிந்ததும் ஆனைமலையில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனாள். மாசாணியம்மன் கோயிலுக்கு ஒரு வேண்டுதலும் இருந்தது. நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள். வந்ததும் செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, நேராக ஸ்டோர் ரூம். டார்ச்சைப் போட்டாள்.

மண் போடாத ஜாடி தெளிந்திருந்தது. தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. எதிர்ச் சுவரில் செக்கச்செவேலென்று வட்டமாக வெளிச்சம் விழுந்தது. ஜாடிக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரில் ராகுகாலம்கூடப் படிக்க முடிந்தது.

"ஏனுங்க! இங்க ஓடியாங்க! ஒண்ணுமே போடாத ஜாடி தானாத் தெளிஞ்சுபோச்சுங்க!"

லட்சுமிநாராயணன் வந்தார். ஜாடியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தவர், "அட, ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அன்றைக்கு அவர் ஏற்கெனவே குளித்தாயிற்று என்பது அவளுக்கு உறைக்கவில்லை. சந்தோஷத்தில் எது உறைக்கும்?

லாஸ்யாவுக்குப் போன் போட்டாள். "கண்ணு, இதுல மண்ணுகூடப் போடல. அப்படியே வெச்சது, தானாத் தெளிஞ்சிருச்சு. அதுவும் புரட்டாசி மாசம், நம்ம ஊட்டுக்குள்ள முட்டை வாசமே கெடையாது. நம்பிக் குடிக்கலாம் பாத்துக்க."

"அப்ப எனக்கு ரெண்டு டம்ளருங்க அத்தை!"

வண்டல் கலங்காமல் ரப்பர் குழாய் போட்டு இரண்டு ஜாடி ஒயினையும் பாட்டில்களில் இறக்கினாள். தெளிந்த ஜாடியிலிருந்து முதலில் பிடித்த பாட்டிலுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினாள். அது லாஸ்யாவுக்கு.

தீபாவளியும் வந்தது. முதல் நாள் மத்தியானமே வம்சியும் லாஸ்யாவும் காரில் வந்து இறங்கினார்கள், லாஸ்யா கையில் வழக்கம்போல டப்பா. இருக்கட்டும், நாளைக்கு ஒரு டம்ளர், அடுத்த தடவை ஒரு கரண்டி ரசம், இப்படியே போனால் ஒருநாள் டப்பா தானாக நின்றுவிடும் என்று ரங்கநாயகி மனசைத் தேற்றிக்கொண்டாள். காலையில் எண்ணெய்க் குளியல், பட்டாசு எல்லாம் முடிந்து பதினோரு மணிக்கு ரிப்பனை அவிழ்த்தாள். கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை ஊற்றி மருமகள் கையில் கொடுத்தாள்.

"என்ன கலருங்க அத்தை இது! இருங்க, மாடி வெயில்ல ஒரு போட்டோ எடுத்து எங்கம்மாவுக்கு அனுப்பிட்டு வாரேன்" என்று லாஸ்யா டம்ளரும் போனுமாக மாடிக்குப் போனாள்.

அவள் படியேறவும் கதிர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. கதிர் பட்டறையில் பதினெட்டு வருஷமாக லேத் ஓட்டுகிறவன். தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டியோடு வருவான், பலகாரம் வாங்கிக்கொண்டு போவான். மேஜைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அடேங்கப்பா, என்னமாத் தெளிஞ்சிருக்குதுங்க அக்கா! நாந்தான் அன்னைக்கே அண்ணங்கிட்ட சொன்னேன், ஒரே முட்டை போதும்னு."

"எந்த முட்டை?" என்றாள் ரங்கநாயகி.

சோபாவில் அதுவரை பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்த லட்சுமிநாராயணன் கண்ணைக் காட்டினார், தொண்டையைச் செருமினார், காலால் டீப்பாயைத் தட்டினார். கதிர் எதையும் கவனிக்கிற ஆளில்லை. அவன் பாட்டுக்கு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனான்.

"நான் சின்னதுல வால்பாறையில எஸ்டேட் லைன்ல இருந்தேனுங்க. பக்கத்து ஊட்டுல கிறிஸ்மசுக்கு ஒயின் போடுவாங்க. வெள்ளைக்கருவை உப்புப் போட்டு நொரைக்க அடிச்சு ஊத்தினா நாலு நாள்ல கண்ணாடியாட்டம் ஆயிரும். அண்ணங்கிட்டச் சொன்னனுங்க, புரட்டாசி மாசம் ஊட்டுக்குள்ள முட்டை கொண்டு போகக்கூடாதுன்னுட்டாரு. சரின்னு, நீங்க ஆனைமலை போயிருந்தப்ப ஜாடியையே கார்ல முன்சீட்டுல வெச்சு, பெல்ட்டுப் போட்டுப் பட்டறைக்குக் கூட்டியாந்துட்டாருங்க! முட்டை ஊட்டுக்கு வரலைங்களே, ஜாடிதான முட்டைகிட்ட வந்துச்சு!" என்று கைதட்டிச் சிரித்தான்.

வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. லட்சுமிநாராயணன் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த மண்ணு மண்ணுன்னு பேசினியேன்னு ஒரு இதுல செஞ்சுபோட்டேன்... வந்து நீ அவ்வளவு சந்தோசப்பட்டயா, அதைக் கெடுப்பானேன்னு..." என்று இழுத்தவர், "அது எனக்கும் வம்சிக்குந்தானே?" என்றார். லாஸ்யா குடிக்கப்போகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், இரண்டு மாதமாக வீட்டில் அதே பேச்சு. ஆனால் அவர் பெண்சாதி பேசும்போது தலையை ஆட்டுகிறவரே தவிர, கேட்கிறவர் இல்லை.

ரங்கநாயகி அதைக் கேட்க அங்கே இல்லை. மூட்டு வலிக்கு நித்தம் தைலம் தேய்க்கிற கால், மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டிருந்தது. பெருமாளே, பெருமாளே என்று வாய் அரற்றியது. இரண்டு வருஷத்துக்கு முன் தடித்துப்போன அந்த உதடும், காற்றுக்குத் தவித்த அந்த மார்பும் கண்ணுக்குள் வந்து வந்து போயின. தொண்டாமுத்தூர்த் திராட்சையும் வேண்டாம், தெளிவும் வேண்டாம், அந்தப் பெண் நன்றாக இருந்தால் போதும்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் லாஸ்யா நின்றுகொண்டிருந்தாள். டம்ளர் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"குடிச்சியா? கண்ணு, குடிச்சிட்டியா?"

"இல்லீங்களே. மொதல் வாய் உங்களோட சேந்துதான் குடிக்கணும்னு வெச்சிருக்கேன். ஏனுங்க அத்தை, என்னாச்சு? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

ரங்கநாயகிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டம்ளர் விளிம்பு வரைக்கும் அப்படியே இருந்தது, ஒரு சொட்டுக் குறையவில்லை. தண்ணீர்த் தொட்டி மேடையில் பொத்தென்று உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

உயிர் வந்த கையோடு புத்தியும் வந்தது, கூடவே குறுக்குப் புத்தியும். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த லட்சுமிநாராயணன் அவள் காதோரம் குனிந்து, "மண்ணு போட்ட பாட்டில்ல இருந்து ஊத்திக் குடுத்துரு. எதுக்கு வெளிய சொல்லிக்கிட்டு?" என்று கிசுகிசுத்தார். சொல்வதற்கு எவ்வளவு சுலபம்! பூச்சி விழுந்துவிட்டது கண்ணு, குடு, மாற்றிக் கொண்டுவருகிறேன். அவ்வளவுதான். யாருக்குத் தெரியப்போகிறது? லாஸ்யா சிரித்துக்கொண்டே குடிப்பாள். டப்பா கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகும். அந்த வாக்கியம் ரங்கநாயகியின் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

ஆனால் மண் போட்ட பாட்டிலையும் அதே ரப்பர் குழாயில்தானே இறக்கினாள்? அதே புனல்தானே? ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் முகத்துக்கு நேராக, தான் சொன்ன "இல்லீங்க" இரண்டும் அவள் காதில் கேட்டன.

"கண்ணு, அதைக் கீழ வெச்சிரு. அதுல முட்டை இருக்குது."

லாஸ்யா கையை நீட்டி டம்ளரைச் சுவர்மேல் வைத்தாள். முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"எனக்கே இப்பத்தான் தெரியும். உங்க மாமா ஜாடியைக் கார்ல வெச்சு, பெல்ட்டெல்லாம் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெள்ளைக்கரு ஊத்தியிருக்காரு. தானாத் தெளிஞ்சதுன்னு உங்கிட்ட நான் பெருமை அடிச்சேன். அது பொய்யாப் போச்சு. மத்த பாட்டிலும் வேண்டாங் கண்ணு, எல்லாத்துக்கும் ஒரே குழாய், ஒரே புனல். இந்த ஒயினையே தொடாதே. போய்க் கையைக் கழுவிட்டு வா." ரங்கநாயகி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்லத் தைரியம் வராதென்று அவளுக்குத் தெரியும். "இன்னொண்ணும் இருக்குது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்ப, முட்டை இல்லேன்னு நான் ரெண்டு தடவை சொன்னேன். வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சுப்போட்டேன். உனக்குத் தெரியாதுன்னுதான் இத்தனை நாளும்..."

"தெரியுமுங்க அத்தை."

ரங்கநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"பக்கத்துல ஸ்ட்ரெச்சர்ல கண்ணை மூடிட்டு இருந்தேன். காது கேட்டுட்டுத்தான் இருந்துச்சு" என்றாள் லாஸ்யா. "நீங்க முட்டை பூசினதுக்கு எனக்குக் கோவமே இல்ல. தெரியாம யாருன்னாலும் செய்வாங்க. எனக்கு மூச்சு நின்னாலும் இவங்க சொல்ல மாட்டாங்கன்னு தோணிப்போச்சுங்க. அந்தப் பயத்துலதான் டப்பாவைத் தூக்கிட்டு வாரேன். வேற ஒண்ணுமில்ல."

ரங்கநாயகி அழுதாள். மறைக்காமல், முந்தானையால் மூக்கைச் சிந்தி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். லாஸ்யா வந்து பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளும் கொஞ்சம் அழுதாள். லட்சுமிநாராயணன் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தொட்டியில் தண்ணீர் நிறைந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்த்தார்.

"மாமா," என்றாள் லாஸ்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நெசமாலுமே ஜாடிக்கு சீட் பெல்ட் போட்டீங்களா?"

"சிக்னல்ல போலீஸ் நின்னாங்க அம்மணி" என்றார் அவர் பரிதாபமாக.

லாஸ்யாவுக்கு முதலில் சிரிப்பு பீறிட்டது. அப்புறம் ரங்கநாயகிக்கு. அழுத கண்ணோடு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில், என்னமோ ஏதோ என்று வம்சி கீழேயிருந்து ஓடிவந்தான்.

மத்தியானம் இலை போட்டார்கள். லாஸ்யா ஃபிரிட்ஜில் வைத்திருந்த தன் டப்பாவை எடுத்து மேஜைக்கு அந்தக் கோடியில் வைத்தாள்.

"எனக்கும் ஒரு எலை போடுங்க அத்தை."

இப்போது பயந்துபோனது ரங்கநாயகி. "வேண்டாங் கண்ணு, இன்னைக்கு வேண்டாம். எதுக்கு வம்பு? இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"எதுல என்ன போட்டிருக்கீங்கன்னு சொல்லுங்க. கேட்டுட்டுச் சாப்பிடறேன்."

ரங்கநாயகி கரண்டியைக் கீழே வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் நம்பர் சொன்ன அந்தப் பழைய குரல், எழுத்தெழுத்தாக, அவசரமில்லாமல் வந்தது.

"கறிக்குழம்பு. வெள்ளாட்டுக் கறி, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மல்லி, மொளகா, தேங்காய். முட்டை இல்லை. ரசம். புளி, தக்காளி, மொளகு, சீரகம். முட்டை இல்லை. பீன்ஸ் பொரியல். பீன்ஸ், தேங்காய், கடுகு, கறிவேப்பிலை. முட்டை இல்லை. தயிர், நேத்து நானே ஒற ஊத்தினது. முட்டை இல்லை. கோலா உருண்டை..." என்று தட்டைப் பார்த்தவள் நிறுத்தினாள். "இது நம்ம ஊட்டுல செஞ்சதில்ல கண்ணு. பக்கத்து ஊட்டுச் சாந்தாமணி குடுத்தனுப்பினாங்க. அவங்க என்ன போட்டுப் புடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. இது உனக்கு வேண்டாம்."

அந்தத் தட்டைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது லாஸ்யா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். உருண்டை இல்லை என்பதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து ரங்கநாயகி பார்த்ததே இல்லை. "கொழம்பு ஊத்துங்க அத்தை, பசிக்குது" என்றாள்.

ரங்கநாயகி ஊற்றினாள். முதல் வாய், இரண்டாம் வாய், மூன்றாம் வாய் வரைக்கும் கரண்டியைப் பிடித்தபடி மருமகளின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்படிப் பாத்தா எப்படிங்க சாப்பிடறது, நீங்களும் ஒக்காருங்க" என்று லாஸ்யா கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கியது.

டப்பா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை லட்சுமிநாராயணன் முன்னால் வைத்தாள் ரங்கநாயகி. "இன்னைக்கு உங்களுக்கு இதுதானுங்க." தீபாவளியும் அதுவுமாக, வீடெல்லாம் கறிக்குழம்பு மணக்க, மனுஷன் மருமகளின் தயிர்சாதத்தை மாவடுவைக் கடித்துக்கொண்டு வாய் பேசாமல் தின்று தீர்த்தார். கதிரும் வம்சியும் ஒயினைக் குடித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அருமையாக இருந்தது என்றார்கள். ரங்கநாயகி ஒரு வாய்கூடத் தொடவில்லை. குழாயையும் புனலையும் குப்பையில் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் கார் கிளம்புகிற நேரம். பைகளை ஏற்றியாயிற்று, வம்சி வண்டியைத் திருப்பிவிட்டான்.

"அடுத்த வருசம் ஒரு ஜாடியை மட்டும் எதுவும் போடாம விட்டுருங்க அத்தை" என்றாள் லாஸ்யா. "கலங்கலா இருந்தாலும் பரவால்ல, குடிக்கிறேன்."

"மாமாகிட்ட இருந்து அதை எங்க ஒளிச்சு வெக்கறதுன்னுதான் யோசிக்கோணும்" என்றாள் ரங்கநாயகி.

லாஸ்யா சிரித்துக்கொண்டே காரில் ஏறப்போனவள், என்னவோ நினைத்துக்கொண்ட மாதிரி திரும்பினாள். பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். கழுவித் துடைத்து வைத்திருந்த காலி டப்பா.

"ராத்திரிக்கு அங்க போய் ஒண்ணும் சமைக்க முடியாதுங்க. கொழம்பு மிச்சம் இருந்தா இதுல போட்டுக் குடுக்கறீங்களா?"

ரங்கநாயகி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கழுவின டப்பாதான் என்றாலும் வெந்நீர் வைத்து இன்னொரு தடவை கழுவினாள். கீழ் அடுக்கில் சோறு, மேல் அடுக்கில் கறிக்குழம்பு. போதாதோ, போதாதோ என்று கரண்டி கரண்டியாக அள்ளி வைத்ததில் மூடி உட்காரவே இல்லை. வாசலில் வம்சி இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

"இருடா, வாரேன்" என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல் போட்டுவிட்டு, டப்பாவைச் சுற்றிக் கட்ட ஒரு துணி தேடினாள்.